ரசீதில் ஒரே ஒரு பெயர்

சர்க்கரை காய்ச்சும் பீட் கிழங்கு அறுவடைக்கு ஆள் சேரும் அக்டோபர் முதல் வாரத்தில், எங்கள் முகாமுக்கு வரும் ஒவ்வொரு டிரெய்லரின் கதவையும் ஆர்டித் கிராஸ் தட்டுவாள். கையில் இலவங்கப்பட்டை தூவிச் சுட்ட ரொட்டி ஒரு தட்டு நிறைய இருக்கும். எங்கிருந்து வருகிறீர்கள், முதுகு தாங்குமா, பன்னிரண்டு மணி நேரம் நிற்க முடியுமா என்றெல்லாம் விசாரிப்பாள். புருஷனும் பெண்சாதியுமாக வந்தவர்களாக இருந்தால் கிளம்பும்போது இன்னொரு கேள்வி கேட்பாள்.

"டகோட்டா ரசீது வெச்சிருக்கீங்களா? அதுல ரெண்டு பேர் பேரும் இருக்கா?"

புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். இருக்கும், எங்கேயோ இருக்கும் என்பார்கள். ஆர்டித் நகர மாட்டாள். "எடுத்துப் பாருங்க. நான் நிக்கறேன்" என்பாள். அவர்கள் அலமாரியைக் குடைந்து அந்தக் காகிதத்தை எடுத்து, இரண்டு பெயரையும் அவளுக்குப் படித்துக் காட்டும்வரை குளிரில் வாசலிலேயே நிற்பாள்.

எங்களைப்போல் சக்கரத்தின்மேல் குடியிருப்பவர்களுக்கு அந்தக் காகிதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டை இழந்து டிரெய்லருக்கு வந்தவனுக்கு முகவரி கிடையாது. முகவரி இல்லையென்றால் ஓட்டுநர் உரிமம் இல்லை. உரிமம் இல்லையென்றால் டிரெய்லரை இழுக்கும் வண்டியை எடுக்க முடியாது, வேலைக்குச் சேர முடியாது, மருந்துக்கான காப்பீடு வராது, ஓட்டும் இல்லை. தெற்கு டகோட்டாவில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். அங்கே கடிதம் வாங்கி வைக்கும் கடையொன்றில் ஒரு பெட்டி எண் எடுத்துக்கொண்டு, அந்த மாநிலத்தில் ஏதாவது முகாமிலோ விடுதியிலோ ஒரே ஒரு ராத்திரி தங்கி, ரசீதைக் கொண்டுபோய்க் காட்டினால் போதும். நீங்கள் அந்த மாநிலத்துக்காரர்.

ஏழைகளுக்கான சலுகை என்று இதைச் சிலர் புகழ்வார்கள். ஒன்பது வருஷமாகப் பார்க்கிறேன். எங்களோடு அதே வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர், சொந்த மாநிலத்தில் வருமான வரி கட்டக்கூடாது, டகோட்டாவில் அந்த வரி இல்லை என்பதற்காக வருபவர்கள். பஸ் அளவுக்கு வண்டி, அதற்குள் கணப்பு, வண்டிக்குப் பின்னால் கட்டிய கார். ஜூன் மாதத்தில் வந்து, ஒரு ராத்திரி தங்கி, மாட்டிறைச்சி வறுத்துத் தின்றுவிட்டுப் போவார்கள். அவர்களுக்கும் ஒரு ராத்திரி, ஆர்டித்துக்கும் ஒரு ராத்திரி. சட்டம் எல்லோருக்கும் சமம் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

ஆர்டித் ஒஹையோவில் பிறந்தவள். முப்பத்தாறு வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தின் சமையலறையில் வேலை பார்த்தாள். தினமும் நானூறு பிள்ளைகளுக்குச் சாப்பாடு. வெண்டெல் அதே பள்ளிக்கூடத்தின் பஸ்களைப் பழுது பார்ப்பவன். ஒரு பனிக்காலத்துக் காலையில் பஸ் ஒன்று சமையலறை வாசலில் நின்று போய்விட்டது. அதன் அடியில் இரண்டு மணி நேரம் படுத்துக் கிடந்தவனுக்கு அவள் சூப் கொண்டுபோய்க் கொடுத்தாள். பஸ்ஸுக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டது. முகத்தை அப்புறம்தான் பார்த்தேன் என்பாள். பிள்ளைகள் இல்லை. நானூறு போதாதா என்று கேட்பாள்.

வெண்டெலுக்கு முதலில் இதயம், பிறகு நுரையீரல். இரண்டு அறுவை சிகிச்சை, மூன்று முறை ஆம்புலன்ஸ். நாற்பது வருஷம் வேலை பார்த்த இரண்டு பேரின் வீட்டை அந்த ஆம்புலன்சும் ஆஸ்பத்திரியும் சேர்ந்து தின்றுவிட்டன. மிஞ்சியதில் ஒரு பழைய பிக்கப் வண்டியும் பதினேழு அடி டிரெய்லரும் வாங்கினார்கள். வெண்டெல் அதற்கு ரொட்டிப்பெட்டி என்று பெயர் வைத்தான். ஒருவர் எழுந்து நின்றால் இன்னொருவர் உட்கார்ந்தாக வேண்டும். வெண்டெலின் ஆக்சிஜன் மெஷின் கட்டிலின் கால்மாட்டில் நின்றது. அதன் இரைச்சல் இருந்தால்தான் எனக்குத் தூக்கமே வரும் என்று ஆர்டித் சொல்வாள்.

ஐந்து வருஷம் வெண்டெலின் அண்ணன் வீட்டு முகவரியில் காலம் ஓடியது. அண்ணன் செத்தான். அவன் மகள் வீட்டை விற்றாள். கடிதங்கள் திரும்பிப் போகத் தொடங்கின. ஜனவரியில் காப்பீட்டிலிருந்து அவர்கள் கைக்கு வந்து சேர்ந்த கடைசிக் கடிதம் சொன்னது: மாத முடிவுக்குள் நிலையான முகவரிக்குச் சான்று தராவிட்டால் காப்பீடு நிற்கும். வெண்டெலின் மருந்தும் மெஷினும் அந்தக் காப்பீட்டில்தான் வந்துகொண்டிருந்தன. ஆர்டித்தின் உரிமமும் அதே மாதம் காலாவதியாக இருந்தது. வெண்டெலால் ஓட்ட முடியாது. அவள்தான் ஓட்டியாக வேண்டும்.

அப்போது அவர்கள் மிசௌரியில், தெரிந்தவர் ஒருவரின் பண்ணையில் நின்றிருந்தார்கள். ஜனவரியில் டகோட்டாவுக்கு டிரெய்லரை இழுத்துக்கொண்டு போவதென்பது புத்தியுள்ளவன் செய்கிற காரியமல்ல. ஆனால் புத்தியுள்ளவனுக்குக் காலக்கெடு வைக்கும்போது யாரும் தெர்மாமீட்டரைப் பார்ப்பதில்லை. இரண்டு நாள் ஓட்டினாள். கையில் தூக்கிக்கொண்டு போகிற சிறிய ஆக்சிஜன் உருளைகள் மூன்றும் வழியிலேயே தீர்ந்துபோயின. ராத்திரிக்கு மெஷின் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் விலகி கேலன் என்பவனின் முகாம். குளிர்காலத்தில் மூடியிருக்கும். கடிதக் கடையில் பெட்டி எண்ணை முன்பே எடுத்துவிட்டிருந்த ஆர்டித், கேலனிடம் ஃபோனில் பேசி ஒரு ராத்திரிக்கு மட்டும் சம்மதம் வாங்கியிருந்தாள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது நாலு மணி. வானம் ஈயம் மாதிரி இருந்தது. கேலன் டிராக்டரோடு காத்திருந்தான். எட்டு மைலுக்கு அப்பால் வீடு. புயலுக்கு முன் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம்.

"தண்ணி கிடையாது. பைப்பெல்லாம் அக்டோபர்லயே வடிச்சிட்டேன். பெரிய கரண்டும் இல்ல. ஆபீஸ் பக்கத்துல டிராக்டர் இன்ஜின் உறையாம இருக்க நான் சொருகற பிளக் ஒண்ணு இருக்கு, அதுல போட்டுக்கோங்க. ஒரு ராத்திரிதான?"

"ஒரே ராத்திரி. ரசீது வேணும்" என்றாள் ஆர்டித்.

"எல்லாருக்கும் ரசீதுதான் வேணும். என் முகாம் நல்லாருக்குன்னு இதுவரைக்கும் ஒருத்தர் வந்ததில்ல." ரசீதுப் புத்தகத்தை வண்டியின் மூடிமேல் வைத்து, கையுறையைப் பல்லால் கழற்றினான். "பேரு?"

வண்டிக்குள் உட்கார்ந்திருந்த வெண்டெல் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிச் சொன்னான். "வெண்டெல் கிராஸ்."

கேலன் எழுதினான். அவனுக்கு ஒரு டிரெய்லருக்கு ஒரு பெயர். பதினெட்டு வருஷமாக அப்படித்தான் எழுதுகிறான். வெண்டெலுக்கும் அதுதான் பழக்கம். நாற்பத்தொரு வருஷமாக வீட்டுப் பத்திரம், வரி, வண்டி எல்லாம் அவன் பெயரில். ஆர்டித் ரசீதை வாங்கிப் பார்த்தாள். தன் பெயர் இல்லை என்று அப்போதே கண்ணில் பட்டது என்று என்னிடம் சொன்னாள். கேட்டிருக்கலாம். ஆனால் கண்ணாடி இறங்கியிருந்த இரண்டு விரல் இடுக்கு வழியாகக் குளிர் உள்ளே போய்க்கொண்டிருந்தது. வெண்டெல் இருமத் தொடங்கியிருந்தான். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மடித்து மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

வெண்டெல் டிரெய்லருக்குள் ஏறும்போது சிரித்தான். "நாப்பத்தொரு வருஷமா என் பக்கத்துலதான் படுக்கற. அதுக்கு இப்பதான் ஒருத்தன் ரசீது கேக்கறான் பாரு."

"அதுக்கு உன் குறட்டை சத்தமே போதும். மூணு மாநிலத்துக்குக் கேக்கும்."

தக்காளி சூப்பைச் சுடவைத்துக் குடித்தார்கள். ஆறு மணிக்குக் காற்று வந்தது. அந்தச் சமவெளியில் காற்றுக்குக் குறுக்கே ஒரு மரம்கூட நிற்காது. ரொட்டிப்பெட்டி அதன் ஸ்பிரிங்குகளின்மேல் ஆடத் தொடங்கியது. ஏழரைக்கு ரேடியோ, புயலில் வண்டிகள் ஏறாதபடி நெடுஞ்சாலைக்குப் போடும் கதவுகளை மூடிவிட்டதாகச் சொன்னது. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தேழு டிகிரி; காற்றோடு சேர்த்தால் ஐம்பது. பக்கத்து ஊர் விடுதியில், மாட்டிக்கொண்ட லாரிக்காரர்கள் உள்வராந்தாவில்கூடப் படுத்திருந்தார்களாம். அது அவளுக்குப் பிறகு தெரிந்தது. அந்தக் காற்றில் எட்டு மைலும் எண்ணூறு மைலும் ஒன்றுதான்.

எட்டு மணிக்குக் கணப்பு நின்றது. காஸ் உருளை நிரம்பித்தான் இருந்தது. ஆனால் அந்தக் குளிரில் உள்ளே இருக்கும் காஸ் ஆவியாகி மேலே எழும்பாது. அடுப்பில் நீல நிறத்தில் ஒரு மொட்டு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. ஆர்டித் அதில் ஒரு கெட்டில் தண்ணீரைச் சூடாக்கி, வெளியே போய் உருளையின்மேல் ஊற்றினாள். எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான் அது. கணப்பு பத்து நிமிஷம் உயிரோடு இருந்து மறுபடி செத்தது. இரண்டாவது கெட்டில் சூடாவதற்குள் அடுப்பும் அணைந்தது. பிக்கப் வண்டியில் போய் உட்காரலாம் என்று சாவியைத் திருகிப் பார்த்தாள். இரண்டு முறை முனகிவிட்டு அதுவும் அடங்கியது.

மிச்சம் இருந்தது ஒரு சின்ன மின்சார ஹீட்டர். சொருகினாள். மெஷினும் ஹீட்டரும் சேர்ந்து ஒரு நிமிஷம் ஓடின. பிறகு எல்லாம் இருட்டு.

பளு தாங்காமல் விழுந்த பிரேக்கர், ஆபீஸ் சுவருக்கு வெளியே இருந்த ஒரு பெட்டியில். நாற்பது அடி தூரம். தன் கையே தெரியாத பனியில், டிரெய்லருக்கு இழுத்திருந்த மஞ்சள் மின்வயரைக் கையால் பிடித்துக்கொண்டே, அதை விட்டால் தொலைந்தோம் என்று தெரிந்தே, அங்கே போய்ப் பிரேக்கரைத் தூக்கிவிட்டுத் திரும்பினாள். உள்ளே வந்தபோது இமைகள் ஒட்டியிருந்தன. வெண்டெல் தன் உள்ளங்கைகளை அவள் கண்கள்மேல் வைத்துப் பனியைக் கரைத்தான். மறுபடி இரண்டையும் போட்டுப் பார்த்தார்கள். மறுபடி இருட்டு. மறுபடி போனாள்.

இரண்டாம் முறை திரும்பி வந்தவளின் பல் அடித்துக்கொண்டிருந்தது. அந்த பிளக் ஒன்றைத்தான் தாங்கும். ஒன்று அவன் மூச்சு. இல்லையென்றால் அவளுக்கும் அவனுக்கும் சூடு.

"ஹீட்டரப் போடு" என்றான் வெண்டெல்.

"மெஷினப் போடறேன்."

"ஆர்டி, நீ நடுங்கறதுல டிரெய்லர் ஆடுது. காத்துன்னு நெனச்சேன்."

"நீ நீலமாயிட்டா எனக்கு எது தாங்கும்?"

"நீலம் எனக்கு நல்லாருக்கும்னு கல்யாணத்தப்ப நீதான சொன்ன."

"அது சட்டை."

கடைசியில் அவள் ஒரு ஏற்பாடு செய்தாள். பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று அவள் எடுத்துவந்த ஒரே பொருள், திருகி வைத்தால் மணியடிக்கும் ஒரு டைமர். முப்பத்தாறு வருஷம் ரொட்டி கருகாமல் காத்தது. அதைத் திருகினாள். முக்கால் மணி நேரம் மெஷின், கால் மணி நேரம் ஹீட்டர். மணி அடித்ததும் பிளக்கை மாற்ற வேண்டும். இருக்கிற கம்பளி எல்லாவற்றையும், இரண்டு பேரின் துணிகளையும், பாத்திரம் துடைக்கிற துண்டுகளையும் மேலே போட்டுக்கொண்டு ஒரே போர்வைக்குள் படுத்தார்கள். சுவரின் உட்பக்கம் அவர்களுடைய மூச்சு பனியாகப் படிந்து வளர்ந்துகொண்டே இருந்தது.

பதினொரு மணிக்கு ஆர்டித் ஃபோனை எடுத்தாள்.

"கூப்பிடறேன் வெண்டெல்."

"யார? ரோட்டுக்குக் கதவு போட்டிருக்கான். அவன் எப்படி வருவான்?"

"முன்னாடி பனி வாருற வண்டியோட வருவாங்க."

"போன தடவ வந்தவனுங்க வீட்டையே தூக்கிட்டுப் போனானுங்க. இப்ப ரொட்டிப்பெட்டிதான் மிச்சம். விடியட்டும். நான் நல்லாத்தான் இருக்கேன். பேசறேன் பாரு, பேசிட்டுத்தான இருக்கேன்."

அவள் கூப்பிடவில்லை. ஃபோன் அவள் மார்பின்மேலேயே கிடந்தது. ஆம்புலன்சைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று உயிருக்குப் போராடுகிறவனே கணக்குப் போடும்படி ஒரு நாடு தன் மக்களைப் பழக்கி வைத்திருக்கிறது. இதை நாகரிகம் என்று யாராவது என்னிடம் சொல்லட்டும், பதில் சொல்கிறேன். கூப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆர்டித் என்னிடம் நூறு தடவை கேட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாது. பொய் சொல்லித் தேற்றவும் எனக்கு வராது.

பன்னிரண்டரை, ஒன்றேகால், ஒன்றரை. மணி அடித்தது, மாற்றினாள். மணி அடித்தது, மாற்றினாள். விரல்கள் பிளக்கைப் பிடிக்க மறுத்தபோது பற்களால் பிடித்து இழுத்தாள். இரண்டரைக்கு மெஷினைப் போட்டுவிட்டு டைமரைத் திருகினாள். "அடுத்த மணிக்கு நான் பாத்துக்கறேன்" என்று வெண்டெல் சொன்னான். வேண்டாம் என்றாள். அவன் டைமரை அவள் கையிலிருந்து எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான். இரண்டு நாள் வண்டி ஓட்டியவள். மெஷினின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. அது கேட்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

அவள் விழித்தபோது கதகதப்பாக இருந்தது.

அதை மட்டும் அவளால் இன்றுவரை சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. கண் திறந்த முதல் நொடியில் சுகமாக இருந்ததாம். கால்களில் சூடு. ஜன்னலில் வெளிச்சம். காற்று நின்றுவிட்டிருந்தது. மொத்த உலகமும் அமைதியாக இருந்தது. பிறகுதான் அந்த அமைதி அவளுக்குப் புரிந்தது. மெஷின் ஓடவில்லை. ஹீட்டரின் கம்பி ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. அதன் முகம் அவள் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. வெண்டெல் அவள் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கழுத்தில் தொட்டுப் பார்த்தாள்.

டைமர் அவன் தலையணைக்கு அடியில் இருந்தது. அவனுடைய கம்பளிக் காலுறை ஒன்றுக்குள் போட்டு, இன்னொரு காலுறையால் சுற்றியிருந்தான். மணி அடித்தாலும் அவளுக்குக் கேட்கக்கூடாது.

"அவன் சாகணும்னு செய்யல" என்று அவள் சொல்வாள். "நான் கொஞ்சம் தூங்கணும்னு செஞ்சான். அவ்வளவுதான். கால் மணி நேரம் கழிச்சு மாத்திடலாம்னுதான் நெனச்சிருப்பான். ரெண்டு கால்லயும் அவனுக்குக் காலுறை இல்ல."

எட்டு மணிக்கு கேலன் டிராக்டரில் பனியை வாரிக்கொண்டு வந்தான். ஷெரிஃபின் ஆள் ஒருவன் வந்தான். அவள் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டான். இரவு முழுவதும் இறந்தவருடன் டிரெய்லரில் இருந்த மனைவி என்று எழுதிக் கையெழுத்து வாங்கினான். மத்தியானம் நெடுஞ்சாலையின் கதவுகளைத் திறந்தார்கள். இறுதிச் சடங்கு நடத்துகிறவர்களின் வண்டி வந்தது. அவர்களிடமிருந்த படிவத்தில் இறந்தவரின் வசிப்பிடம் என்று ஒரு கட்டம் இருந்தது. அந்த ஆள் தயங்கினான். ஆர்டித் ரசீதைக் காட்டினாள். அவன் அதைப் பார்த்து எழுதிக்கொண்டான். வெண்டெல் கிராஸ், தெற்கு டகோட்டா. செத்த அன்று அவனுக்கு முகவரி கிடைத்தது.

அந்த ஊர் பாதிரியார் நல்ல மனுஷர். கூப்பிடாமலேயே வந்தார். "தூக்கத்துலயே கடவுள் மெதுவா அழைச்சுக்கிட்டார்மா" என்றார்.

"கடவுள் வரல பாஸ்டர்" என்றாள் ஆர்டித். "ரோடு மூடியிருந்துச்சு."

ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டுக் குழுவில் பாடியவள் அவள். அதைக் கேட்டுப் பாதிரியாரும் கோபப்படவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு போனார் என்றாள்.

வெள்ளிக்கிழமையோடு அவளுடைய பழைய உரிமம் முடிகிறது. புதன்கிழமை ராத்திரி கேலன் வீட்டில் படுத்தவள், வியாழக்கிழமை அவன் பெண்சாதியின் வண்டியில் உரிமம் தருகிற அலுவலகத்துக்குப் போனாள். ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி. ரசீதையும் பெட்டி எண் கடிதத்தையும் வாங்கிப் பார்த்தாள்.

"வெண்டெல் கிராஸ் யாரு மேடம்? அவரும் வரணும்."

"என் புருஷன். வர மாட்டார். நேத்து காலைல செத்துப் போயிட்டார்."

அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். ரொம்ப வருத்தம் மேடம் என்றாள். அவளுடைய கண்ணும் கலங்கியது. பிறகு மறுபடி உட்கார்ந்து ரசீதைப் பார்த்தாள். "இதுல உங்க பேர் இல்லயே."

"நான் அவர்கூடத்தான் தங்கினேன்."

"எனக்குப் புரியுது. ஆனா ரசீதுல உங்க பேர் இருக்கணும்."

ஆர்டித் ஷெரிஃபின் ஆள் கொடுத்த அறிக்கையை எடுத்து நீட்டினாள். "இதுல எழுதியிருக்கு பாரும்மா. அந்த ராத்திரி பூரா நான் அங்க இருந்தேன்னு. கையெழுத்து இருக்கு. முத்திரை இருக்கு."

அந்தப் பெண் முழுவதையும் படித்தாள். படிக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டாள். உள்ளே போய் யாரிடமோ கேட்டாள். திரும்பி வந்தபோது முகத்தைப் பார்க்கவில்லை.

"இது தங்கினதுக்கான ரசீது இல்ல மேடம்."

நான் அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவளுக்கு ஒரு மேஜையும், அதன்மேல் ஒரு பட்டியலும் கொடுத்திருக்கிறார்கள். புருஷனின் பிணத்தோடு ஓர் இரவைக் கழித்ததற்குச் சான்று அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியல் எழுதியவன் இதமான ஓர் அறையில் உட்கார்ந்து எழுதினான்.

ஆர்டித் முகாமுக்குத் திரும்பினாள். கேலன் ஆபீஸ் வாசலில் பனியை வெட்டிக்கொண்டிருந்தான். அவள் விஷயத்தைச் சொன்னதும் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் கையை நீட்டும்படி சைகை செய்தான்.

"அந்த ரசீதக் குடுங்க. பக்கத்துலயே உங்க பேரையும் எழுதிடறேன். அதே பேனாதான். எந்தப் பயலுக்குத் தெரியப் போகுது?"

அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "இது அவனோடது. இதுல கை வைக்காதீங்க."

"அப்ப புதுசா ஒண்ணு எழுதித் தர்றேன். செவ்வாய்க்கிழமை தேதி போட்டு."

"அந்த ராத்திரி நான் தங்கினதுதான் செல்லாதுங்கறாங்களே. இன்னிக்குத் தங்கறேன்."

"இந்த டிரெய்லர்லயா?" கேலன் ரொட்டிப்பெட்டியைப் பார்த்தான். "இன்னிக்கும் என் வீட்டுக்கே வாங்க. என் பொண்டாட்டி படுக்கை போட்டு வெச்சிருக்கா. உங்க வண்டி மட்டும் இங்க நிக்கட்டும். காலைல ரசீது தர்றேன்."

"வீட்ல படுத்துட்டு இங்க படுத்தேன்னு கையெழுத்துப் போடணுமா?"

கேலன் டிராக்டர் பக்கம் போனான். பிக்கப் வண்டியின் பேட்டரியைத் தன் டிராக்டரோடு சேர்த்து ஏற்றிக் கொடுத்தான். அவன் பெண்சாதி கொடுத்தனுப்பிய உருளைக்கிழங்குக் குழம்பை உள்ளே வைத்தான். எட்டு மைல் தள்ளித் தன் வீட்டில் விளக்கு அணையாமல் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்றிரவு பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று. காற்று இல்லை. ஆர்டித் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு படுத்தாள். ஒரே ஒரு பொருள்தான் ஓடுகிறது, பிரேக்கர் விழவில்லை. போர்வைகள் எல்லாம் இப்போது அவளுக்கே. காலில் வெண்டெலின் காலுறைகள். ஒன்பது, பத்து, பதினொன்று. தூக்கம் வரவில்லை. அந்த அமைதிதான் அவளைத் தின்றது.

நள்ளிரவுக்குப் பிறகு எழுந்து ஹீட்டரைப் பிளக்கிலிருந்து பிடுங்கினாள். மெஷினைச் சொருகினாள். அது இரைந்து, ஒருமுறை இருமி, பிறகு எப்போதும்போல் ஓடத் தொடங்கியது. குழாயின் முனையை வெண்டெலின் தலையணைமேல் வைத்தாள். அதிலிருந்து மெல்லிய காற்று வந்து தலையணை உறையின் ஓரத்தை அசைத்துக்கொண்டிருந்தது. டைமரை அவள் திருகவில்லை. சுவரில் மறுபடி பனி படிய, விடியும்வரை அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள்.

காலையில் கேலன் ரசீதுப் புத்தகத்தோடு வந்தான். உதறலெடுத்துக்கொண்டு நின்றவளைப் பார்த்தான். ஹீட்டர் கெட்டுவிட்டதா என்று கேட்டான். இல்லை என்றாள். அவன் கையுறையைப் பல்லால் கழற்றினான்.

"பேரு?"

கேட்ட பிறகு அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. தெரிந்த பெயர்தானே. ஆனால் ஆர்டித் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவன் எழுதி முடித்து நீட்டும்வரை பேனா முனையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒருமுறை படித்தாள். மடித்தாள். மேல்சட்டைப் பையில் வெண்டெலின் ரசீது இருந்தது. அதை எடுத்து, தன்னுடையதை அதற்குள் வைத்து, இரண்டையும் சேர்த்து மடித்து உள்ளே போட்டுக்கொண்டு, ஒன்பது மணிக்கு அலுவலகம் திறக்கும் என்று வண்டியைக் கிளப்பினாள்.